வால்பேப்பர் மாப்பிள்ளை

"தண்ணி மட்டும் போதும் தம்பி" என்று சொல்லி, அந்தத் தண்ணீரையும் பாதியிலேயே வைத்துவிட்டுப் பெண் வீட்டார் எழுந்துகொண்டார்கள்.

அழகுராஜா கேசரித் தட்டைக் கையில் ஏந்தியபடி நடு ஹாலில் நின்றான். எழுந்தவர்களை மறுபடி உட்காரச் சொல்வதா, தட்டைக் கொண்டுபோய் அடுப்படியில் வைப்பதா என்று தெரியவில்லை. அவன் யோசித்து முடிப்பதற்குள் வெளியே வேன் கிளம்பிவிட்டது.

வரும்போது நன்றாகத்தான் வந்தார்கள். போர்த் தண்ணி உப்பா, ஒத்தக்கடை பஸ் ஸ்டாப் எம்புட்டுத் தூரம், மாடியில ரூம் எடுக்கலாமா என்று வாசலிலேயே கலகலவென்று விசாரித்தார்கள். ஹாலுக்குள் வந்து நாற்காலியில் உட்கார்ந்து எதிரே இருந்த மேற்குச் சுவரைப் பார்த்தார்கள். அதோடு சரி. எல்லார் வாயிலும் கொழுக்கட்டையை அடைத்தது மாதிரி ஆகிவிட்டது.

இது மூன்றாவது இடம். மூன்று இடத்துக்காரர்களும் அதே நாற்காலியில்தான் உட்கார்ந்தார்கள். அதே சுவரைத்தான் பார்த்தார்கள். அப்படியே ஊமையாகிப் போனார்கள்.

அழகுராஜாவும் அந்தச் சுவரைப் பார்த்தான். பார்க்கச் சகிக்கவில்லை. சுவருக்குப் பின்பக்கம் பாத்ரூம். எங்கேயோ குழாய் கசிந்து, ஐப்பசி மழையும் சேர்ந்துகொள்ள, ஓதம் ஏறிப் பெயிண்ட் அப்பளமாகப் பொரிந்து கிடந்தது. ஓரத்தில் கறுப்பாகப் பூஞ்சை. இத்தனைக்கும் நடுவே அவன் அம்மா அன்னக்கொடியின் படம், சந்தன மாலையும் குட்டிச் சிவப்பு பல்புமாகத் தொங்கியது. அவன் தவழ்ந்துகொண்டிருந்தபோது காமாலையில் போய்ச் சேர்ந்தவள். இந்த வீட்டுக்குக் குடிவந்தபோது அப்பா பேயாண்டி முதல் ஆணியை அந்தப் படத்துக்குத்தான் அடித்தார்.

சாயங்காலம் தரகர் கருத்தக்கண்ணனிடமிருந்து போன் வந்தது. அவர் எந்த வீட்டுக்கும் உள்ளே வரமாட்டார். வாசலில் நின்று அடுத்த இடத்துக்குப் போன் பேசிக்கொண்டிருப்பார்.

"என்னண்ணே சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல மாப்ள. வீட்டைப் பாத்தோம், மனசு ஒப்பலைன்னாங்க."

"வீட்டுல என்னண்ணே கொறை?"

"அதை அவுகளும் சொல்லல, நானும் கேக்கல. ஹாலுக்குள்ள காலை வச்சதுமே பொண்ணோட ஆத்தா மூஞ்சி சுண்டிப் போச்சாம். அங்க என்ன இருக்குன்னு நீயே பாத்துக்க. வார ஞாயித்துக்கிழமை உசிலம்பட்டிப் பக்கம் ஒரு இடம். அதுக்குள்ள சரி பண்ணிரு."

அங்கே என்ன இருக்கிறது என்று அழகுராஜாவுக்கா தெரியாது? அவனுக்கு வயது முப்பத்தைந்து ஓடிக்கொண்டிருந்தது. ஒரு தனியார் கல்லூரியில் நூலக உதவியாளர். உச்சந்தலையில் முடி விடைபெற ஆரம்பித்திருந்தது. மாப்பிள்ளை என்று சொல்லிக்கொள்ள மிச்சமிருந்த ஒரே தகுதி இந்தச் சொந்த வீடுதான். அந்த வீடே மாப்பிள்ளை பார்க்க வருகிறவர்களை விரட்டியடித்தால் என்னத்தைச் சொல்ல!

குழாய் வேலைக்காரர் வந்து சுவரில் காதை வைத்துக் கேட்டார். "பாத்ரூம் பூராவும் உடைக்கணும். ஒரு மாசம் ஆகும்."

"ஞாயித்துக்கிழமை பொண்ணு வீட்டுக்காரங்க வாராங்கண்ணே."

"அப்ப எதையாச்சும் போட்டு மறைங்க."

மறைப்பது என்று முடிவானதும் அழகுராஜா காளவாசலுக்குப் போனான். அங்கே டோனி என்பவர் வீட்டு அலங்காரக் கடை வைத்திருந்தார். கடையில் ஈ, கொசுவைத் தவிர வேறு யாரும் இல்லை.

"வால்பேப்பர் இருக்காண்ணே?"

டோனி நாற்காலியிலிருந்து எழுந்தே நின்றுவிட்டார். "என்னா கேட்டீங்க? வால்பேப்பரா? அண்ணே, இந்த வார்த்தையைக் கேட்டு எம்புட்டு நாளாச்சு தெரியுமா!"

"ஏன், இப்ப யாரும் ஒட்டுறதில்லையா?"

"ஒரு காலத்துல ஒட்டாத ஆளே இல்ல. செங்கல் டிசைன் வந்துச்சு பாருங்க, கிளினிக்ல செங்கல், பியூட்டி பார்லர்ல செங்கல், பிரியாணிக் கடையில செங்கல். உண்மையான செங்கல் வச்சுக் கட்டி, அதுக்கு மேல பூசி, பெயிண்ட் அடிச்சு, அதுக்கும் மேல செங்கல் படத்தை ஒட்டுனாங்க நம்ம ஆளுக. நான் ராசா மாதிரி இருந்தேன். அப்பறம் பெரிய மழை வந்துச்சு. அம்புட்டும் உரிஞ்சு வாழைப்பட்டையாத் தொங்கிருச்சு. உடனே டெக்ஸ்சர் பெயிண்டுன்னு ஓடுனாங்க. அது அழுக்கடைஞ்சதும் பிளாஸ்டிக் பேனலுன்னு ஓடுனாங்க. பேனலுக்குப் பின்னாடி கரப்பான் குடும்பம் நடத்துனதும் அதுவும் அலுத்துப் போச்சு. இப்பத் திரும்ப வால்பேப்பர்தான். வெளிநாட்டுல வந்துருச்சு. சென்னைக்கு வந்துருச்சு. மதுரைக்கு வரவேண்டியதுதான் பாக்கி."

"எப்ப வரும்?"

"இந்தா வந்துருச்சே. நீங்கதான் மொத ஆளு."

"ஓதம் அடிச்ச செவுத்துல ஒட்டலாமாண்ணே?"

"ஒட்டுறது என் வேலை. நிக்கிறது அதோட வேலை" என்றார் டோனி.

கருநீலத்தில் தங்கப்பூ போட்ட டிசைன் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒட்டுவதற்காக அம்மாவின் படத்தைக் கழற்றினால், சட்டத்துக்குள்ளும் ஈரம் இறங்கி, அம்மாவின் முகத்தில் பாதிக்குப் பூஞ்சை படர்ந்திருந்தது. அழகுராஜாவுக்குப் பகீர் என்றது. அம்மா என்று கூப்பிட்ட ஞாபகம்கூட அவனுக்கு இல்லை. அவனுக்கு அம்மா என்றால் அந்தப் படம்தான். அதுவும் போய்விட்டால் எங்கே போய்த் தேடுவது?

படத்தைத் தூக்கிக்கொண்டு பக்கத்திலிருந்த ஸ்டுடியோவுக்கு ஓடினான். அந்த ஸ்டுடியோக்காரர் கெட்டிக்காரர். பூஞ்சையை மட்டும் துடைத்துவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். கறுப்பு வெள்ளைப் படத்துக்குக் கலரும் கொடுத்தார். சேலை கிளிப்பச்சை ஆனது. மூக்குத்தி மின்னியது. உதட்டில் லேசாகச் சாயம். பின்னால் தொங்கிய பழைய திரையை எடுத்துவிட்டு நீல வானத்தையும் வைத்துக் கொடுத்துவிட்டார்.

பேயாண்டி படத்தைக் கையில் வாங்கினார். பிறகு துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நேத்து எடுத்த மாதிரியே இருக்குப்பா" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை உசிலம்பட்டிப் பக்கத்து வேன் வந்து நின்றபோது, அழகுராஜா படத்துக்குப் புது மல்லிகை மாலை போட்டு, கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தான். 'எப்படியாச்சும் இந்த இடத்தை முடிச்சு வச்சிரு' என்று வேண்டிக்கொண்டபோது அவனையறியாமல் கண் கலங்கிவிட்டது. திரும்பிப் பார்த்தால், பெண் வீட்டார் வாசல்படியில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நிற்கிறார்கள்.

"வாங்க வாங்க!"

உட்கார்ந்தார்கள். சுவரைப் பார்த்தார்கள். அழகுராஜா அவர்கள் முகத்தைப் பார்த்தான். அடக் கொடுமையே! அதே கொழுக்கட்டை.

பெண்ணின் தாய்மாமன் மட்டும் கொஞ்சம் துணிந்தவர். சுவர்ப்பக்கம் தாடையை நீட்டி, தணிந்த குரலில் கேட்டார். "இது எப்ப தம்பி?"

வால்பேப்பரைக் கவனித்துவிட்டார் என்று அழகுராஜாவுக்கு உச்சி குளிர்ந்தது. "போன வாரந்தாங்க மாமா" என்றான் உற்சாகமாக.

தாய்மாமன் கையிலிருந்த தண்ணி டம்ளரைக் கீழே வைத்தார். "போன வாரமா?"

"ஆமாங்க. பழசு ரொம்ப மோசமாயிருச்சு. ஆளுக வந்து போற வீடு, இதையே கட்டி அழுதுக்கிட்டு இருக்க முடியுமா? அதான்."

தாய்மாமன் திரும்பித் தன் ஆட்களைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்துப் பேயாண்டி, எல்லா இடத்துக்காரர்களிடமும் சொல்லுகிற வசனத்தை எடுத்துவிட்டார். அவருக்குக் காது மந்தம். மற்றவர்கள் பேசுவது கேட்காது என்பதால் தான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார். படத்தை அண்ணாந்து பார்த்தபடி, "இவ மட்டும் இருந்திருந்தா இந்த வீடு இப்படியா கெடக்கும்? இனிமே வர்ற மகராசிதான் வெளக்கேத்தணும்" என்றார்.

வந்தவர்கள் காபியைத் தொடாமலேயே போனார்கள்.

மறுநாள் அழகுராஜா காளவாசலுக்குப் போய் டோனியைப் பிடித்துக்கொண்டான். "என்னண்ணே வால்பேப்பர் குடுத்தீங்க? பாத்தவுடனே அரண்டு போறாங்க."

"என்னா டிசைன் ஒட்டுனோம்? தங்கப்பூவா? அது போயிருச்சேண்ணே."

"போன வாரந்தானய்யா வந்துச்சுன்னீங்க!"

"வந்துச்சு. போயிருச்சு. இப்பல்லாம் பேஷன் அப்படித்தான். இப்ப எல்லாரும் வெளிர் கலர்தான் கேக்குறாங்க. சாந்தமா இருக்கணுமாம்."

இதற்கிடையில் சுவர் தன் வேலையைக் காட்டியது. தங்கப்பூவுக்கு நடுவில் தட்டு அளவுக்கு மஞ்சள் கறை ஒன்று எட்டிப் பார்த்தது. இரண்டு நாளில் அது சுளகு அளவு ஆனது. பேப்பர் உப்பி, தொட்டால் கொழகொழவென்றது. வீட்டுக்குள் ஈரச் சாக்கு வாடை வேறு.

இந்த நேரம் பார்த்துத்தான் பவதாரிணி இடம் வந்தது.

பவதாரிணியை அவன் முன்பே பார்த்திருந்தான். பழங்காநத்தத்தில் ஒரு கல்யாண மண்டபம். பந்தியில் இவனுக்கு மட்டும் பாயசம் வராமல் போக, எதிர்வரிசையிலிருந்த அவள், "அந்த அண்ணனுக்கு வைக்கலையே" என்று பரிமாறுபவரைக் கூப்பிட்டுச் சொன்னாள். அண்ணன் என்று சொன்னது கொஞ்சம் இடித்தாலும், பந்தியில் தன்னை ஒருத்தி கவனித்தாள் என்பதே அவனுக்குப் பெரிய விஷயம். பாயசத்தைக் குடித்து முடிப்பதற்குள் மனசு அவளிடம் போய்விட்டது. அவளையே தரகர் கொண்டுவந்து நிறுத்துவார் என்று அவன் கனவிலும் நினைக்கவில்லை.

"பொண்ணுக்கு உன் போட்டோவைப் பாத்ததும் பிடிச்சிருச்சாம் மாப்ள. அந்தப் பாயச ஆளுதானன்னு கேட்டுச்சாம். அவுக அப்பா ஜெயக்கொடி நல்ல மனுசன். வீட்டைப் பாத்துட்டா அன்னிக்கே கை நனைச்சுட்டுப் போறோம்னு சொல்லிட்டாரு. சோத்துக்கு ஏற்பாடு பண்ணிரு."

கை நனைக்கிறார்களாம்! சம்பந்தம் முடிவாகாமல் அந்தப் பக்கத்துக்காரர்கள் ஒரு வீட்டில் சாப்பிட மாட்டார்கள். சாப்பிட்டால் முடிந்தது என்று அர்த்தம். அழகுராஜாவுக்குச் சந்தோஷத்தைவிடப் பயம்தான் அதிகமாக வந்தது. மற்ற இடங்கள் போனபோது அவமானமாக மட்டும் இருந்தது. பவதாரிணி போய்விட்டால் தாங்கமாட்டான். அது அவனுக்கே தெரிந்தது.

டோனி வந்து தங்கப்பூவை உரித்தார். புதிதாக வெள்ளை நிறத்தில், மேலிருந்து கொடி கொடியாக வெள்ளை ரோஜா தொங்குகிற வால்பேப்பரை ஒட்டினார். தள்ளி நின்று பார்த்து, "சாந்தமா இருக்குல்ல?" என்றார். சாந்தமாகத்தான் இருந்தது. சத்தம் போட்டுப் பேசவே யோசனையாக இருந்தது.

ஆனால் மறுநாளே நடுச்சுவரில் கறை முளைத்துவிட்டது. அம்மாவின் படத்தைக் கொஞ்சம் நகர்த்தி அதன்மேல் மாட்டினான். கறை படத்தைத் தாண்டியது. ஸ்டுடியோவுக்குப் போய்ப் படத்தைப் பெரிதாக்கிக்கொண்டு வந்தான். கறையும் பெரிதானது. மறுபடி ஓடினான்.

"இன்னும் பெருசாவா?" என்றார் ஸ்டுடியோக்காரர்.

"ஆமாண்ணே. எம்புட்டுப் பெருசு முடியுமோ அம்புட்டுப் பெருசு."

ஸ்டுடியோக்காரர் அவனை இரக்கத்தோடு பார்த்தார். "பாசம் வச்சவங்க போயிட்டா அப்படித்தான் தம்பி" என்று சொல்லி, சட்டத்தைச் சுற்றி எரிகிற சீரியல் லைட்டை இலவசமாகவே போட்டுக் கொடுத்தார்.

ஞாயிறு விடிந்தது. வானம் மூட்டமாக அழுதுவடிந்துகொண்டிருந்தது. ஈர வாடை போக அழகுராஜா வீடு முழுக்கச் சாம்பிராணி போட்டான். வெள்ளை ரோஜாக் கொடிகளுக்கு நடுவே, ஆள் உயரத்துக்குச் சற்றுக் குறைவாக, கிளிப்பச்சைச் சேலையில் அன்னக்கொடி சிரித்துக்கொண்டிருந்தாள். சுற்றிலும் லைட் ஓடியது. அடுப்படியில் இலை, சாம்பார், அப்பளம், பாயசம் எல்லாம் தயாராக இருந்தன. பாயசம் இரண்டு வாளி.

ஜெயக்கொடி குடும்பத்தோடு வந்து இறங்கினார். பவதாரிணி வரவில்லை. அவளுடைய சித்தி வந்திருந்தாள். வெளுத்த முகம், பிறர் கஷ்டத்தைக் கேட்டால் உடனே உச்சுக் கொட்டுகிற ஜாதி. உள்ளே நுழைந்தவள் நேரே படத்துக்கு முன்னால் போய் நின்றாள். நின்றவள் நின்றபடியே இருந்தாள். பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

ஜெயக்கொடி சுவரைப் பார்த்தார். அழகுராஜாவைப் பார்த்தார். மறுபடி சுவரைப் பார்த்தார்.

"நல்லாப் பெருசா வச்சிருக்கீகளே" என்றார்.

"ஆமாங்க மாமா."

பேயாண்டிக்கு எது கேட்டதோ, அண்ணாந்து பார்த்துத் தன் வசனத்தை ஆரம்பித்தார். "இவ மட்டும் இருந்திருந்தா..."

முடிக்கவில்லை. சுவரிலிருந்து நீளமாக ஒரு பெருமூச்சுச் சத்தம் வந்தது. வால்பேப்பரின் மேல்மூலை மெல்லக் கழன்றது. வெள்ளை ரோஜாக் கொடிகள் நிதானமாக, அவசரமே இல்லாமல், மடிந்து மடிந்து இறங்கின. இரண்டு பக்கமும் பேப்பர் கிழிந்து தரையில் சரிய, பேயாண்டியின் தலையில் ஒரு முழு ரோஜாக் கொடி முக்காடு போட்டது. பின்னால் கறுப்பும் மஞ்சளுமாக, பூஞ்சையும் பொருக்குமாக மேற்குச் சுவர் பல்லை இளித்தது. நடுவே ஆணியில் அம்மா மட்டும் லைட் எரிய அசையாமல் தொங்கினாள்.

சாம்பார் வாசம் மட்டும் ஹாலுக்குள் வந்து போனது.

இனி மறைக்க என்ன இருக்கிறது? அழகுராஜா அப்பாவின் தலையிலிருந்து பேப்பரை எடுத்துப் போட்டுவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு ஜெயக்கொடியின் முன்னால் நின்றான்.

"மாமா, மன்னிச்சிருங்க. பாத்ரூம் குழாய் கசியுது. செவுரு பூராவும் ஓதம். அதைப் பாத்துத்தான் ஒவ்வொரு இடமும் தட்டிப் போகுது. பவதாரிணியும் போயிருமோன்னு பயந்துதான் ஒட்டி ஒட்டி மறைச்சேன். தப்புதான். ஒரு மாசம் டைம் குடுங்க, பாத்ரூமை உடைச்சுச் சரி பண்ணிர்றேன். எனக்கு அந்தப் பொண்ணைப் பிடிச்சிருக்கு மாமா. வேற எதையும் நான் உங்ககிட்ட மறைக்கல."

இவ்வளவு நேராக அவன் வாழ்நாளில் யாரிடமும் பேசியதில்லை.

"வேற எதையும் மறைக்கலையா?" என்று மெதுவாகக் கேட்டார் ஜெயக்கொடி.

"சத்தியமா இல்லை மாமா. வேணும்னா எங்கம்மா மேல சத்தியம்."

ஜெயக்கொடி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். கூட வந்தவர்களும் எழுந்தார்கள். இலைக்கட்டு அடுப்படியில் அப்படியே கிடந்தது. ஒருவர் பின் ஒருவராகச் செருப்பை மாட்டிக்கொண்டு தூறலில் இறங்கிப் போனார்கள். தரகர் வாசலில் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு, "என்ன மாப்ள, அதுக்குள்ளயா கை நனைச்சாச்சு?" என்றார்.

சித்தி மட்டும் கடைசியாக வாசல்படியில் நின்றாள். சீரியல் லைட் வெளிச்சத்தில் ஜொலித்த கிளிப்பச்சைச் சேலையை ஒருமுறை எட்டிப் பார்த்து உச்சுக் கொட்டினாள். பிறகு அழகுராஜாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"செவுரு கெடக்குது விடுங்க தம்பி, எங்க வீட்டுலயும் ஓதந்தான், உங்க மொத சம்சாரம் இம்புட்டுச் சின்ன வயசுல தவறிப்போனதைத்தான் முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."